கூவத்துக்குக் கோபம் வந்தால்...

கூவம் என்ற பெயரைக் கேட்டதும் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் பட்டணவாசியா நீங்கள்? ஐப்பசி, கார்த்திகையில் ஒரு தடவை பட்டாபிராம் பக்கம் போய் வாருங்கள். ஊருக்குத் தெற்கே ஓடும் அதே கூவம் அங்கே கிராமத்து ஆறு. கோடையில் மணலும் புதருமாகச் சாதுவாகப் படுத்துக் கிடக்கும். கோபம் வந்துவிட்டாலோ, வெகு பொல்லாதது!

பட்டாபிராமிலிருந்து பூந்தமல்லிக்குப் போகிறவர்கள் இந்த ஆற்றைத் தாண்டியே ஆக வேண்டும். உயரமான பாலம் என்றால் கவலை இல்லை. தரைப்பாலம் என்றால்தான் சங்கடம். தண்ணீர் கொஞ்சமாக வந்தால் அடியிலுள்ள குழாய்கள் வழியே போய்விடும். பெருகினால் பாதைமீதே ஏறி ஓடும்.

"மழைதான் விட்டுவிட்டதே!" என்று நிம்மதி அடைய வேண்டாம். மேற்கே வெகு தூரத்தில், கேசாவரம் அணைக்கட்டில் கொசஸ்தலை ஆற்றிலிருந்து பிரிந்து வருகிறது கூவம். அங்கே பெய்த மழையும், வழியில் நிரம்பி வழியும் ஏரிகளின் நீரும் சாவகாசமாகத்தான் வந்து சேரும். இங்கே பளிச்சென்று வெயில் அடிக்கும்போதுகூட ஆற்றில் வெள்ளம் ஏறலாம்.

"கணுக்காலுக்குச் சற்று மேலேதானே?" என்று தோன்றும். அரை அடி ஆழமே ஆனாலும், வேகமாக ஓடும் தண்ணீர் வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும். ஓர் அடி போதும், சிறிய காரை நகர்த்த. இரண்டடியில் பெரிய வண்டிகளும் தப்பாது. நீரின் வேகம் இரு மடங்கானால், அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. போதாக்குறைக்கு வண்டி மிதக்கப் பார்க்கும். சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பு இராது. கலங்கல் நீருக்கு அடியில் பாலம் முழுசாக இருக்கிறதா, அரித்துப் போயிற்றா என்று யார் கண்டார்கள்?

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையைச் சுற்றி வெள்ளக்காடானதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

சரி, இதையெல்லாம் உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்களே ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். அல்லது, இருட்டிய பிறகும் வராத பிள்ளைக்காக வாசலில் நிற்பவராக இருக்கலாம். கைப்பேசியை எடுத்து, "எங்கேடா இருக்கே? சீக்கிரம் வா!" என்கிறீர்கள். அவன் ஆற்றங்கரையில் நிற்கிறான். எதிர்க்கரை கூப்பிடு தூரம். பாலமுள்ள பாதையோ சுற்று வழி. அம்மா காத்திருக்கிறாளே என்று வண்டியை இறக்கிவிடுகிறான்.

அடுத்த மழைக்காலத்தில் அந்த வார்த்தையை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள், அம்மா: "நேரமானால் ஆகட்டும். சுற்றிக்கொண்டு வா. சாதத்தை மூடி வைத்திருக்கிறேன்."