அந்த லைட்டை கொஞ்சம் ஆஃப் பண்றீங்களா... ப்ளீஸ்!

2012 ஞாபகம் இருக்கா? உங்கள்ல பல பேர் அப்போ ஒண்ணாங்கிளாஸோ, ரெண்டாங்கிளாஸோ! தமிழ்நாடு முழுக்க மணிக்கணக்கா பவர்கட். ஃபேன் நின்ன அடுத்த நிமிஷம், பாயைச் சுருட்டிக்கிட்டு மொட்டைமாடிக்கு ஓட்டம். கிராமத்துப் பக்கம் வீடு இருந்தவங்களுக்கு ஒரு போனஸும் கிடைச்சிருக்கும். வாய்க்கால் ஓரத்துல, வேலியில, புளியமரத்தடியில மினுக்... மினுக்... மின்மினி!

சரி, கடைசியா ஒரு மின்மினியை எப்போ பார்த்தீங்க? ரீல்ஸ்ல பார்த்தது, வால்பேப்பர்ல பார்த்தது எல்லாம் கணக்குல வராது. நேர்ல? யோசிக்கிறீங்க இல்ல... யோசிங்க, யோசிங்க. அதுக்குள்ள நாம மதுரையை ஒரு ரவுண்டு வந்துடலாம்.

தூங்கா நகரம்... தூங்க விடாத நகரம்!

ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பரோட்டா கொத்துற சத்தம் கேட்கலைன்னா அது மதுரையே இல்ல. இந்தப் பழக்கம் இன்னிக்கு நேத்து வந்ததில்லை. இரவு நேரக் கடைவீதியை 'அல்லங்காடி'ன்னு சங்க இலக்கியமான மதுரைக்காஞ்சியே சொல்லுது. ஸோ, மதுரையைத் தூங்கச் சொல்லி யாரும் வரலை. டவுன்ல லைட் எரியட்டும்.

ஆனா, இப்போ அந்த வெளிச்சம் பஸ் ஏறி ஊர் ஊராகப் போக ஆரம்பிச்சிடுச்சு. மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம், உசிலம்பட்டினு எந்த ரோட்டில் போனாலும் வழியெல்லாம் வெள்ளை வெளிச்சம். அதுபோக வீட்டுக்கு வீடு கொல்லைப்புறத்துல ஒரு ஃபோகஸ் லைட்.

காரணம் சிம்பிள். பழைய 100 வாட் குண்டு பல்ப், 10 மணி நேரம் எரிஞ்சா ஒரு யூனிட் காலி. 10 வாட் எல்.இ.டி.க்கு அதே ஒரு யூனிட் 100 மணி நேரம் வரும். பில் குறைஞ்சதும் "எரிஞ்சா எரியட்டுமே"ங்கிற மனசு வந்துடுச்சு. உலகம் முழுக்க வானத்தோட வெளிச்சம் 2011-லிருந்து 2022 வரை வருஷத்துக்கு சராசரியா 9.6 சதவீதம் கூடியிருக்குன்னு 2023-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு சொல்லுது. அந்த வேகத்துல போனா, எட்டே வருஷத்துல டபுள்!

இருட்டுல ஒரு லவ் சிக்னல்

மின்மினி பூச்சி இனத்துல ஒரு வண்டு. உலகத்துல 2,000 வகைக்கு மேல இருக்கு. வயிற்றின் நுனியில் லூசிஃபெரின்னு ஒரு பொருள். லூசிஃபெரேஸ்ங்கிற நொதியோட உதவியால அது ஆக்சிஜனோட சேரும்போது வெளிச்சம் வரும். கையில பிடிச்சா சுடாது.

இந்த வெளிச்சம் அழகுக்காக இல்லை பாஸ், கல்யாணத்துக்காக! பல வகைகளில் ஆண் பறந்துகிட்டே மின்னும். கீழே புல்லில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்குப் பிடிச்சிருந்தா பதிலுக்கு மின்னும். ஒவ்வொரு இனத்துக்கும் இந்த மின்னலுக்குத் தனி ரிதம். அவ்வளவுதான்... மேட்டர் ஓவர்!

இப்போ அங்கே ஒரு ஃபோகஸ் லைட்டைப் போடுங்க. பௌர்ணமி நிலா வெளிச்சமே சுமார் கால் லக்ஸ்தான். தெருவிளக்குக்கு நேர் கீழே 10 லக்ஸ் சாதாரணம். அதாவது 40 நிலா! மைக்செட் அலறுகிற இடத்துல நீங்க காதுக்குள்ள கிசுகிசுத்தா என்ன கேட்கும்? ஆண் மின்னுறது பெண்ணுக்குத் தெரியாது. பெண் சொன்ன பதில் ஆணுக்குத் தெரியாது. அமெரிக்காவில், வர்ஜீனியாவில் செய்த ஒரு பரிசோதனை 2016-ல் வெளியானது. விளக்கு போட்ட இடத்தில் ஒரு வகை மின்மினி மின்னுவது சுமார் 70 சதவீதம் குறைஞ்சு போச்சு.

"வேற இடத்துக்குப் பறந்து போயிட வேண்டியதுதானே?"னு கேட்கத் தோணும். பல வகைகளில் பெண்ணுக்கு இறக்கையே கிடையாது. புழுப் பருவம் வருஷக்கணக்கில் ஈர மண்ணுக்குள்ளேயும் சருகுக்குள்ளேயும்தான். நத்தை, மண்புழுதான் அதுக்குச் சாப்பாடு. வளர்ந்து மின்ன ஆரம்பிச்ச பிறகு வாழ்றது சில வாரங்கள்தான். அந்தச் சில வாரமும் லைட் எரிஞ்சா, அடுத்த தலைமுறையே இல்லை. மின்மினிகளுக்கு எது ஆபத்துன்னு உலகம் முழுக்க இருக்கிற நிபுணர்கள்கிட்ட கேட்டு 2020-ல் ஒரு ஆய்வு வந்தது. முதல் மூணு இடம்: வாழிடம் அழிவது, இரவு வெளிச்சம், பூச்சிமருந்து.

இருட்டை விட்டுவெச்சா என்ன கிடைக்கும்னு பார்க்க ரொம்ப தூரம் போக வேணாம். பொள்ளாச்சி பக்கம் ஆனைமலை புலிகள் காப்பகம் போதும். கோடை மழை சமயத்துல அங்கே லட்சக்கணக்கான மின்மினிகள், சொல்லி வெச்ச மாதிரி ஒரே நேரத்துல மின்னி, ஒரே நேரத்துல அணையுது. ஸ்ரீராம் முரளி அதை 19 விநாடி வீதம் 50 ஷாட் எடுத்து ஒரே படமாக்கினார். 2023-ல் 'வைல்ட்லைஃப் ஃபோட்டோகிராஃபர் ஆஃப் தி இயர்' போட்டியில், முதுகெலும்பில்லாத உயிரினங்கள் பிரிவில் அந்தப் படத்துக்குத்தான் பரிசு! அங்கே மின்மினிகளுக்கு யாரும் செட் போடலை. இருட்டு இருந்தது, அவ்வளவுதான்.

கோழிக்கு எதுக்கு ஃபோகஸ் லைட்?

மதுரைக்கு வருவோம். ஊர்ப்பக்கம் கொல்லை லைட் விடிய விடிய எரியறதுக்குப் பல வீடுகளில் ஒரே காரணம்... கோழி! "கீரி வந்துடும், நாய் வந்துடும், பாம்பு வந்துடும்"னு அம்மாவோ அப்பத்தாவோ லைட்டைப் போட்டுட்டுப் படுத்துடுவாங்க. அவங்க பயம் பொய் இல்லை. ஒரே ராத்திரியில நாலு கோழியைப் பறிகொடுத்த வீட்டுக்குத்தான் அந்த வலி தெரியும். முட்டை வித்துச் சேர்த்த அந்தக் காசுலதான் உங்க செமஸ்டர் ஃபீஸ்ல ஒரு பகுதி போயிருக்கலாம்!

ஆனா, லைட் எரிஞ்சா கீரி வராதுன்னு யாரும் அதுக்குச் சொல்லித் தரலையே! கோழிக்கு இருட்டுல கண் சரியாத் தெரியாது. அதனாலதான் பொழுது சாய்ஞ்சதும் தானாகவே அடையப் போகுது. முட்டைக்காக 16 மணி நேரம் லைட் போடுற பெரிய பண்ணையில்கூட மீதி 8 மணி நேரம் இருட்டுதான். கோழிக்கும் தூக்கம் வேணும். அதுக்குத் தேவை லைட் இல்லை, நல்ல தாழ்ப்பாள்!

லீவுக்கு ஊருக்குப் போகும்போது கையில சுத்தியலோட போங்க. எல்லாமே வீட்டுல கிடக்கிற சாமான்லயே செய்யலாம்.

1. காலு வெச்ச கூடு: பழைய கட்டில் சட்டம், பலகை எதுவா இருந்தாலும் ஓ.கே. தரையிலிருந்து ரெண்டடி உயரம். சுத்திலும் அரை இன்ச் கண் உள்ள கம்பி வலை. உள்ளே உட்கார ஒரு கம்பு. கதவுக்கு ரெண்டு தாழ்ப்பாள். ஒண்ணோ ரெண்டோ கோழின்னா, திண்ணையில பஞ்சாரத்தைக் கவுத்து மேலே கல்லை வெச்சாலே போதும்.

2. பைப் தீனித்தொட்டி: மூணு இன்ச் பி.வி.சி. பைப்பை நிமிர்த்திக் கட்டி, கீழே ஒரு 'எல்போ' மாட்டுங்க. மேலே தீனியைக் கொட்டுனா தின்னத் தின்ன இறங்கும். சாயங்காலம் ரெண்டு வாயையும் மூடிடுங்க. தீனி சிந்தினா எலி வரும், எலி வந்தா பாம்பு வரும், பாம்பு வந்தா லைட்டைப் போடுவாங்க. ஆக, முதல்ல எலிக்குச் சாப்பாட்டைக் கட் பண்ணணும்!

3. டின் மூடி புரூடர்: குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேணும், அதனால பல்ப் போடுறாங்க. தாய்க்கோழி கூட இருந்தா பல்ப்பே வேணாம். வாங்கிட்டு வந்த குஞ்சுன்னா, எண்ணெய் டின்னை வெட்டி பல்ப்புக்கு மேலே தொப்பி மாதிரி மாட்டுங்க. சூடும் வெளிச்சமும் கீழே மட்டும் போகும். குஞ்சுங்க பல்புக்கு அடியில ஒண்ணு மேல ஒண்ணு ஏறினா குளிர், விலகி ஓடினா சூடு ஜாஸ்தி. வைக்கோல், அட்டைப்பெட்டி எதுவும் பல்பைத் தொடக் கூடாது, ஜாக்கிரதை!

4. கரையான் பானை: ராத்திரி பல்பைக் கட்டி, கீழே தண்ணித் தொட்டி வெச்சு, விழற பூச்சியைக் கோழிக்குப் போடுறவங்களும் இருக்காங்க. அந்தப் பொறிக்கு நல்ல பூச்சி, கெட்ட பூச்சி வித்தியாசம் தெரியாது. அதுக்குப் பதிலா, பழைய பானையில கிழிஞ்ச சாக்கு, காய்ஞ்ச சாணம், ஓலை எல்லாம் திணிச்சு, தண்ணி தெளிச்சு, கரையான் இருக்கிற இடத்துல கவிழ்த்து வைங்க. காலையில நிமிர்த்தினா கரையான் ரெடி. குஞ்சுகளுக்கு விருந்து! கரண்ட் செலவு பூஜ்யம்.

ஒரு கண்டிஷன்: கோழி கண்டதையும் கிளறும். கொல்லையில ஈரமான ஒரு மூலையை வேலி கட்டித் தனியா விட்டுடுங்க. அங்கே சருகைக் கூட்டாதீங்க, மருந்தும் அடிக்காதீங்க. அது மின்மினிப் புழுவுக்கு ரிசர்வ்டு!

"லைட் இல்லைன்னா பயமா இருக்காதா?"

நியாயமான கேள்வி. லாஸ்ட் பஸ்ஸில் இறங்கி, தனியா நடந்து வர்ற பொண்ணுக்குத் தெருவிளக்கு கட்டாயம் வேணும். அதை அணைக்கச் சொன்னா அது அநியாயம். நாம கேட்கிறது, யாருமே நடக்காத கொல்லையிலும் கண்மாய்க்கரையிலும் விடிய விடிய எரியற லைட்டைப் பத்தி. பாத்ரூம் போற வழியில லைட் வேணுமா? ஆள் வந்தா மட்டும் எரியற சென்ஸார் லைட் போடுங்க. வெளிச்சம் தரையை மட்டும் பார்க்கிற மாதிரி ஒரு மூடி போடுங்க. பாம்புக்குக் கையில டார்ச் போதும்.

"மஞ்சள் பல்ப் மாத்திட்டா சரியாயிடுமா?"னு கேட்டா... சாரி! 2021-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், ஒரு வகைப் பெண் மின்மினிகளை அதிகமா வாயடைக்க வெச்சதே பளிச்சிடும் ஆம்பர் வெளிச்சம்தான். கலர் மாத்துறதைவிட ஸ்விட்சைத் தட்டுறது ஈஸி.

ரெடியா?

இந்த வாரம் ஊருக்குப் போறீங்களா? மழை பேஞ்ச ஒரு ராத்திரியாப் பாருங்க. கோழியை அடைச்சு, ரெண்டு தாழ்ப்பாளையும் போட்டுட்டு, அம்மாகிட்ட பர்மிஷன் வாங்கி லைட்டை அணைங்க. மொபைல் பாக்கெட்டுக்குள்ள இருக்கட்டும். கண்ணு இருட்டுக்குப் பழக 20 நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் சும்மா உட்காருங்க.

முதல் நாளே மின்மினி வந்துடும்னு கியாரண்டி எல்லாம் இல்லை. பக்கத்துல எங்கேயாவது மிச்சம் இருந்தா வரும். இந்த மழைக்கு வரலைன்னா அடுத்த மழைக்கும் உட்காருங்க. வந்துச்சுன்னா தனியாப் பார்த்துட்டுப் போயிடாதீங்க. உங்க தெருவுல இருக்கிற வாண்டுகளை எல்லாம் எழுப்பிக் கூட்டிட்டு வாங்க. பாவம், அதுங்க 2012 பவர்கட்டைப் பார்த்ததில்லை!