பறவையை விரட்டும் முன் அலகைப் பாருங்கள்

நெய்வேலி சுரங்க நீர் பாயும் நெல் வயலோ, விருத்தாசலம் பக்கத்து மணிலாக் கொல்லையோ, பறவை இறங்கினாலே விரட்டுவது நம் வழக்கம். அதற்கு முன் அதன் அலகைக் கவனியுங்கள்.

குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கும் அலகு, தானியத்தின் உமியை உடைப்பதற்கானது. சிட்டுக்குருவி, தினைக்குருவி இந்த வகை. கிளியின் கொக்கி அலகு கதிரையும் பழத்தையும் கிழிக்கும். கதிர் பால் பிடித்தது முதல் அறுவடை வரை இவற்றிடமிருந்து பயிரைக் காக்க வேண்டும். ஆனால் விஷம் வைக்காதீர்கள். சிட்டுக்குருவிகூட தன் குஞ்சுகளுக்குப் புழுக்களையே ஊட்டுகிறது.

கொக்கின் ஈட்டி போன்ற அலகு பூச்சி, நண்டுகளைப் பிடிக்கும். கொண்டலாத்தியின் நீண்ட மெல்லிய அலகு மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவைக் குத்தி எடுக்கும். கரிச்சான் எனும் இரட்டைவால் குருவி, நுனி வளைந்த அலகால் பறக்கும் அந்துப்பூச்சியைக் கவ்வும். இவை மூன்றும் தானியத்தைத் தொடாது.

கரிச்சான் அமர, இளம் பயிரில் ஏக்கருக்கு 20 வீதம் ‘டி’ வடிவக் குச்சிகளைப் பயிரைவிட ஓரடி உயரமாக நடுங்கள். நெல்லில் பால் பிடிக்கத் தொடங்கியதும் அவற்றைப் பிடுங்கிவிடுங்கள். இல்லையெனில், தானியம் தின்னும் பறவைகளுக்கு நாமே இருக்கை போட்டதாகிவிடும்.