காரின் பின்புறம் சொல்லும் செய்தி



மாலையில் மணி அடித்ததும் நம் பள்ளி வாயிலில் கார்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. அவற்றின் பின்புறத்தை என்றாவது உற்று நோக்கியிருக்கிறீர்களா? காரின் பெயருக்கு அருகில் எல்.எக்ஸ்.ஐ., வி.டி.ஐ. என்று பளபளக்கும் எழுத்துகள் ஒட்டியிருக்கும். அவற்றின் பொருள் என்ன என்று, வாடகைக் கார் ஓட்டும் என் தந்தையிடம் கேட்டேன். “அதுதாம்மா காரோட மார்க் ஷீட்” என்று சிரித்தார். அவர் சொன்னதையும் நான் தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எண்களைப் பார்ப்போம். 1983ஆம் ஆண்டு வெளிவந்து நம் நாட்டுச் சாலைகளை நிறைத்த ‘மாருதி 800’ காரின் பெயரில் உள்ள எண், அதன் என்ஜின் அளவைக் குறிப்பது. உண்மை அளவு 796 சி.சி.; அதை முழு எண்ணாக்கி 800 என்றார்கள்.

அடுத்து எழுத்துகள். மாருதி கார்களில் இறுதியில் வரும் ‘ஐ’ என்பது ‘இன்ஜெக்‌ஷன்’ என்பதன் சுருக்கம். பழைய கார்களில் பெட்ரோலைக் காற்றுடன் கலக்கக் கார்புரேட்டர் இருந்தது. பின்னர் எரிபொருளை அளந்து பீய்ச்சும் முறை வந்தது. அப்புதுமையை ஊரறியச் சொல்லவே இந்த எழுத்து. இன்று எல்லாப் புதிய பெட்ரோல் கார்களிலும் அம்முறையே உள்ளது. ஆயினும் எழுத்து மட்டும் போகவில்லை! நடுவில் ‘எக்ஸ்’ இருந்தால் பெட்ரோல் கார், ‘டி’ இருந்தால் டீசல் கார். இந்நிறுவனம் 2020இல் டீசல் கார் தயாரிப்பதை நிறுத்திவிட்டாலும் பழையவை இன்னும் ஓடுகின்றன.

முதல் எழுத்துதான் தரத்தைச் சொல்வது. ‘எல்’ அடிப்படை ரகம், ‘வி’ நடுத்தரம், ‘இசட்’ உயர்ந்தது. வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றே. பாட்டுக் கருவி, பொத்தானை அழுத்தினால் இறங்கும் கண்ணாடி, அலாய் சக்கரம் போன்ற வசதிகளில்தான் வேறுபாடு.

இவ்வழக்கம் நம் நாட்டில் தோன்றியதன்று. இங்கிலாந்தில் 1976இல் வந்த ஃபோர்டு கார்ட்டினா காரில் எல், ஜி.எல்., கியா என்று படிகள் இருந்தன. இந்தக் ‘கியா’ கொரியக் கார் அன்று. ஃபோர்டு நிறுவனம் விலைக்கு வாங்கிய இத்தாலிய கார் வடிவமைப்புக் கூடத்தின் பெயர். அந்நாட்டில் கம்பெனிகள் தம் அலுவலர்களுக்குக் கார் கொடுக்கும் வழக்கம் உண்டு. காரின் எழுத்தைக் கண்டே அவர் வகிக்கும் பதவியைப் பிறர் கணித்துவிடுவார்களாம்!

இதுவரை வேடிக்கை. ஆனால் இந்த எழுத்துக்குப் பின்னால் உயிர் பற்றிய செய்தியும் ஒன்று இருந்தது. மோதலின்போது விரிந்து நம்மைக் காக்கும் காற்றுப்பை, அதாவது ஏர்பேக், பல காலம் உயர்ந்த ரகங்களுக்கே கிடைத்தது. 2014இல் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு இந்தியக் கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பின்மீது மோதவிட்டுச் சோதித்தது. காற்றுப்பை இல்லாத வோக்ஸ்வாகன் போலோ, பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. இரண்டு காற்றுப்பைகள் கொண்ட போலோவோ நான்கு நட்சத்திரங்கள் பெற்றது. பெயர் ஒன்று, தோற்றம் ஒன்று. மதிப்பெண் மட்டும் பூஜ்யமும் நான்கும்! அந்நிறுவனம் காற்றுப்பை இல்லாத ரகத்தை இந்தியாவில் விற்பதை நிறுத்தியது.

பின்னர் சட்டமும் வந்தது. புதிய கார்களில் ஓட்டுநருக்கு 2019 ஜூலை முதலும், அவர் அருகில் அமர்பவருக்கு 2021ஆம் ஆண்டின் முடிவிலிருந்தும் காற்றுப்பை கட்டாயமாயிற்று. எந்த எழுத்தை வாங்கினாலும் இவ்விரண்டும் உண்டு.

என் தந்தை ஓட்டுவது அதற்கு முந்திய கார், அடிப்படை ரகம். அதில் காற்றுப்பை இல்லை என்பதை இக்கட்டுரைக்காகக் கேட்டபோதுதான் அறிந்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் காலை அவர் புறப்படும்போது, “அப்பா, பெல்ட் போட்டீங்களா?” என்று கேட்டேன். இப்போது நாள்தோறும் கேட்கிறேன். அவரும் பட்டையை இழுத்துக் காட்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்.

தோழியரே, உங்கள் வீட்டில் பழைய கார் வாங்கும் பேச்சு எழுந்தால், பின்புறத்து எழுத்தின் பளபளப்பில் மயங்காதீர்கள். “காற்றுப்பை எத்தனை?” என்று முதலில் கேளுங்கள். காருக்குத்தான் ரகங்கள் பல. அதில் அமரும் மனிதருக்கு உயிர் ஒன்றுதான்!

- மாணவி, பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு