விதைக்கு விட்ட வெள்ளரி

பங்குனி பிறந்ததும் பேருந்து நிலையங்களில் வெள்ளரிப்பிஞ்சு வந்துவிடும். நாலாகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கையில் கொடுப்பார்கள். கத்தரியும் தக்காளியும் வெயிலில் சுருளும் மாதங்களில் தளதளவென்று ஓடும் கொடி இது. மாடித்தோட்டக்காரர்கள் கோடைக்கு இதைத் தேடுவதில் வியப்பில்லை. நாட்டு விதைதான் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்களும் இன்று பெருகிவிட்டார்கள். ஆனால் அவர்களில் பலர் எல்லாக் காயையும் பிஞ்சிலேயே பறித்துவிட்டு, அடுத்த தை மாதம் மறுபடியும் விதை பாக்கெட் வாங்கப் போகிறார்கள். நாட்டு வெள்ளரி வளர்ப்பது என்றால் ஒரு காயையாவது விதைக்கு விடுவது; அதை விட்டுவிட்டால் நாட்டு விதை வாங்கியதன் பயனில் பாதி போய்விடுகிறது.

வெள்ளரியின் கசப்பைப் பார்த்தாலே இது புரியும். இதன் காட்டு உறவுக்கொடி இமயமலை அடிவாரத்தில் இன்றும் காய்க்கிறது. காய் சிறியது, வாயில் வைக்க முடியாத கசப்பு. தின்ன வரும் உயிர்களை விரட்டக் கொடி தானே உண்டாக்கும் குக்குர்பிட்டாசின் என்ற பொருள்தான் அந்தக் கசப்பு. இலையில் கசப்பை முடுக்கும் மரபணு வேறு, காயில் முடுக்கும் மரபணு வேறு என்றும், மனிதர் வளர்த்த வெள்ளரியில் காயின் கசப்பு மட்டும் தணிந்துபோனது எப்படி என்றும் சீன ஆய்வாளர்கள் 2014இல் ‘சயின்ஸ்’ இதழில் விளக்கினார்கள். கசக்காத காயைப் பார்த்துப் பார்த்து விதைக்கு எடுத்துவைத்த கைகளின் வேலை அது. அந்த வேலை முடிந்துவிடவும் இல்லை. வீட்டில் காம்புப் பக்கத்தை நறுக்கி, அந்தத் துண்டாலேயே வட்டமாகத் தேய்த்து வெள்ளை நுரை வரவழைக்கிறோமே, நுரை வந்துவிட்டதால் காய் முழுவதிலும் உள்ள கசப்பு இறங்கிவிடுவதில்லை. கசப்பு காம்போரத்தில்தான் அதிகம் என்பதால் அந்தத் துண்டை எறிவதே பயன் தருகிறது. தண்ணீர் விட்டு விட்டுப் பாய்ந்தால் நல்ல கொடியும் கசந்த காய் தரும். ஒழுங்காக நீர் விட்டும் கசக்கிறது என்றால் அது அந்தக் கொடியின் குணம். அதன் விதையை எடுக்கக் கூடாது. கடுமையாகக் கசக்கும் காயைத் தின்னவும் கூடாது, வயிற்றைக் கெடுக்கும்.

வெயிலை விரும்பும் செடி என்பதால் தாகம் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. மண் 15 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தால் விதை அசையாது. 30 டிகிரி வாக்கில் இருந்தால் மூன்று, நாலு நாளில் முளை தலைகாட்டும். வேர் மேலோட்டமாக ஓடுவதால் மண்ணின் மேல் காய்ந்த இலையோ வைக்கோலோ மூடாக்காகக் கிடக்க வேண்டும். மாடியில் வளர்ப்புப் பையின் பக்கவாட்டிலும் வெயில் படாமல் மறைப்பது நல்லது. முதலில் கொத்தாக வந்து உதிர்பவை ஆண் பூக்கள், அதற்குக் கலங்க வேண்டாம். வெயில் ஏற ஏற ஆண் பூ கூடும். அடியில் விரல்நுனி அளவு பிஞ்சோடு பின்னால் வருவதுதான் பெண் பூ. உங்கள் மாடியின் அனலில் எந்தக் கொடி அப்படிப் பெண் பூவைத் தாங்கிப் பிடிக்கிறதோ, அதன் விதைதான் அடுத்த ஆண்டுக்கு வேண்டியது. எங்கோ விளைந்த பாக்கெட் விதைக்கு உங்கள் மாடி தெரியாது.

வீரிய ஒட்டு ரகம் கூடுதலாகக் காய்க்குமே என்பார்கள். காய்க்கும்தான். சந்தைக்கு விளைவிக்கிறவருக்கு அந்தக் கணக்கு சரி. ஆனால் அதன் விதையை எடுத்துப் போட்டால் தாயைப் போலக் காய்க்காது, ஆளுக்கொரு விதமாகப் பிரியும். இன்னொரு மறுப்புக்குக் கனம் அதிகம்: முற்றும் காயைக் கொடியில் விட்டால் புதுப் பிஞ்சு குறையும். உண்மைதான், முற்றும் விதை சத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அதனால் பல கொடி இருந்தால் நல்ல கொடிகளில் ஆளுக்கு ஒரு காய் மட்டும் விடலாம். கடைசியில் எஞ்சிய கோணல் காயை விதைக்கு விடும் பழக்கம்தான் ரகத்தைக் கெடுக்கிறது.

பக்கத்து வீட்டு வெள்ளரியோடு கலந்துவிடாதா என்ற கவலையும் நியாயமானது. தேனீக்கு மதில் கிடையாது. மறுநாள் விரியப்போகும் மஞ்சள் பூண்ட பெண் மொட்டையும் ஆண் மொட்டையும் மாலையிலேயே நூலால் லேசாகக் கட்டிவிட வேண்டும். காலையில் ஆண் பூவைப் பறித்து இதழ்களை உரித்து, அதன் தூளைப் பெண் பூவின் நடுவில் தடவி, பெண் பூவை மறுபடி கட்டி, காம்பில் ஒரு துணி நாடா முடிந்தால் போதும். பழுத்தால் வெடித்து மாவாகும் வெள்ளரிப்பழத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். அது முலாம் இனம், அதற்கு 24 குரோமோசோம், வெள்ளரிக்கு 14. இரண்டும் கலக்காது.

நாடா கட்டிய காய் மஞ்சளோ பழுப்போ ஆகித் தோல் தடித்ததும் பறித்து, ஒரு வாரம் நிழலில் வைத்துப் பிளக்கலாம். வழவழப்போடு விதையைச் சுரண்டி, கொஞ்சம் தண்ணீரில் இரண்டு நாள் புளிக்க விட்டால் சவ்வு கழன்று, முற்றிய விதை அடியில் தங்கும், மிதப்பது பதர். அலசி, தட்டில் பரப்பி நிழலில் உலர்த்தி, வளைத்தால் சட்டென்று ஒடியும் பதத்தில் புட்டியில் அடைத்துப் பெயரும் மாதமும் எழுதி வைத்தால் நாலைந்து ஆண்டு முளைக்கும். நாலு கொடி மட்டும் உள்ள வீட்டில் வருடா வருடம் ஒரே விதை சுற்றினால் வகை குறுகிவிடும். தெருவில் இதே ரகம் வைத்திருப்பவரிடம் ஒரு பிடி கொடுத்து ஒரு பிடி வாங்கிக் கலந்து விதைக்கலாம்.