ஸ்டியரிங் கட்டாகும் முன்பே

விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பு தாலுகாவில் மலையடிவாரத்தில் இருக்கிற கான்சாபுரம் போன்ற ஊர்களில் சாகுபடிக் காலம் தொடங்கிவிட்டால் டிராக்டருக்கு ஓய்வு கிடையாது. காலையில் தொழி அடிக்கும். மாலையில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு நெல் மூட்டையோ தேங்காயோ ஏற்றிக் கிளம்பிவிடும். அப்படிப் போகிற வண்டி வாய்க்காலில் இறங்கினால் ஊர் முதலில் சொல்லும் காரணம் “ஸ்டியரிங் கட்டாயிருச்சு” என்பதுதான். பழியை இரும்பின் மேல் போட்டுவிட்டால் மனிதர் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஸ்டியரிங் பெரும்பாலும் முன்கூட்டியே எச்சரித்துவிட்டுத்தான் கைவிடுகிறது. அந்த எச்சரிக்கையை உரிமையாளர் கவனித்திருக்க வேண்டும் என்றுதான் நம் சட்டமும் எதிர்பார்க்கிறது.

கையிலிருக்கும் ஸ்டியரிங் வீலுக்கும் முன்சக்கரத்துக்கும் இடையில் ஸ்டியரிங் பாக்ஸ், டிராக் லிங்க், டை ராடு, அதன் முனைகளில் பால் ஜாயிண்ட், கிங் பின் என்று வரிசையாகப் பல மூட்டுகள் இருக்கின்றன. பால் ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் கிழிந்தால் சேறு உள்ளே போகிறது, கிரீஸ் வெளியேறுகிறது, குண்டு தேய்கிறது. இது ஒரே நாளில் நடப்பதல்ல. வீலைத் திருப்பினாலும் சக்கரம் திரும்பாத அந்த வெற்று ஆட்டம், அதாவது மெக்கானிக்குகள் சொல்லும் ‘பிளே’, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும். கடைசியில்தான் குண்டு கழன்று விழும். எங்கே தேய்மானம் என்று கண்டுபிடிக்கப் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. எஞ்சினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, ஒருவர் வீலை இருபுறமும் மெதுவாக ஆட்ட, இன்னொருவர் கீழே ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தால் போதும். ஒரு பக்கம் அசைந்தும் மறுபக்கம் அசையாத மூட்டுதான் தேய்ந்த மூட்டு. ஸ்டியரிங் கனத்தால் முதலில் டயர் காற்றையும், பவர் ஸ்டியரிங் வண்டியாக இருந்தால் ஆயில் அளவையும் பார்க்க வேண்டும். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் இரண்டு முன் டயரிலும் காற்று ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றதில் கை வைக்க வேண்டும். காற்றுக் குறைவுக்கு டை ராடு மாற்றிப் பணத்தை விடுகிறவர்கள் உண்டு.

ஸ்டியரிங் கோளாறு போலவே தோன்றும் இரண்டு விஷயங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். வயலில் சட்டென்று திரும்புவதற்காக டிராக்டருக்கு இடது, வலது என இரண்டு பிரேக் பெடல் வைத்திருக்கிறார்கள். சாலைக்கு வரும்போது அவை இரண்டையும் கொக்கி போட்டு இணைக்க வேண்டும். இணைக்காமல் வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கமாகச் சுழலும். ஓட்டுபவருக்கு ஸ்டியரிங் கையை மீறியது போலத்தான் இருக்கும். இரண்டாவது, டிரெய்லரில் அளவுக்கு மீறி ஏற்றும் பாரம். பாரம் பின்னால் அழுத்த அழுத்த முன்சக்கரம் தரையில் லேசாகிறது. மேட்டில் ஏறும்போது அது தரையைவிட்டே எழும்பலாம். அந்த நிலையில் ஸ்டியரிங்கில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும் வண்டி திரும்பாது.

ஸ்டியரிங் வீல் வைத்த பாய்மரப் படகிலும் கையிலிருந்து சுக்கான் வரை கம்பிவடமும் கப்பியும் உண்டு. அவையும் தளரும், அறும். ஆனால் கடலோடிகள் அதை எதிர்பார்த்து, சுக்கான் தண்டின் தலையில் நேராகச் செருகித் திருப்ப ஒரு அவசரக் கைப்பிடியைப் படகிலேயே வைத்திருப்பார்கள். சாலை வண்டியில் அப்படி மாற்று எதுவும் கிடையாது. டை ராடு கழன்ற பிறகு செய்வதற்கு எதுவுமே இல்லை என்பதால்தான் முன்கூட்டிய சோதனைக்கு இவ்வளவு அழுத்தம் தர வேண்டியிருக்கிறது.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 98ஆம் விதி இதைத்தான் சொல்கிறது: ஸ்டியரிங் வீலில் வெற்று ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது, பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். கடிகாரத்தில் 12க்கும் 1க்கும் உள்ள இடைவெளிதான் 30 டிகிரி. ஸ்ப்ளிட் பின் இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பியை முறுக்கிவிட்டு ஓட்டுவது இந்த விதிக்கு நேர் எதிரானது. வேளாண் டிராக்டர் விதிப்படி போக்குவரத்து வாகனம் அல்ல. லாரி, பஸ் போல அது குறிப்பிட்ட இடைவெளியில் தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) போக வேண்டியதில்லை. இதைச் சலுகையாக நினைக்கிறோம். உண்மையில் அரசு கைகழுவிய சோதனையை உரிமையாளரே செய்தாக வேண்டும் என்பதுதான் இதன் பொருள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு, தெரிந்த குறையை மட்டுமல்ல, சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தெரிந்திருக்கக்கூடிய குறையையும் குற்றமாக்குகிறது. அந்தக் குறையால் யாருக்காவது காயமோ பொருளுக்குச் சேதமோ நேர்ந்தால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் உண்டு. அபராதத்தை இந்த அளவுக்கு உயர்த்தியது 2019 திருத்தம்.

“நல்லா இருந்த இரும்பும் திடீர்னு ஒடியும்தானே?” என்று கேட்கலாம். ஒடியும், உள்ளுக்குள் விரிசல் விட்ட உலோகத்தை வெளியிலிருந்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. சட்டமும் அதை மறுக்கவில்லை. ஆனால் மினு பி. மேத்தா வழக்கில் 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, விபத்துக்கு இயந்திரக் கோளாறே காரணம் என்றும், நியாயமான கவனத்தோடு பார்த்தும் அது கண்ணில் படவில்லை என்றும் நிரூபிக்க வேண்டியவர் உரிமையாளர்தான். பழுது பார்த்த பில்லும் மாற்றிய தேதியும் கையில் இல்லாதவர் இதை எப்படி நிரூபிப்பார்? ரோடு குண்டும் குழியுமாக இருக்கிறது என்ற வாதம் நியாயமானதே. ஆனால் நாள்தோறும் அந்தக் குழிகளில் இறங்கி ஏறுகிற வண்டியை நல்ல சாலையில் ஓடும் வண்டியைவிட அடிக்கடி சோதிக்க வேண்டும் என்பதற்குத்தான் அது காரணமாகும்.

இதில் அதிகம் இழப்பவர்கள் டிரெய்லரில் ஏறி வேலைக்குப் போகிற கூலித் தொழிலாளர்கள், குறிப்பாகப் பெண்கள். சரக்கு வாகனத்தில் ஓசிப் பயணியாக ஏறியவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிராக்டர் டிரெய்லரில் சென்ற தொழிலாளிக்கும் அப்படித்தான் என்று 2007இல் பிரிஜ் மோகன் வழக்கில் சொன்ன நீதிமன்றம், காயம்பட்டவரின் ஏழ்மையைக் கருதித் தனது சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, காப்பீட்டு நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளச் சொன்னது. இன்சூரன்ஸ் இருக்கிறது என்ற தைரியத்தில் ஆளேற்றும் உரிமையாளரின் நிலம்கூடப் பிறகு ஏலத்துக்கு வரலாம்.

உரிமையாளருக்கும் உரிமை உண்டு. புது வண்டியில் ஸ்டியரிங் குறை இருந்தாலோ, பட்டறையில் செய்த வேலை தவறாக இருந்தாலோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி தயாரிப்பாளர், விற்பவர், பழுதுபார்ப்பவர் மீது வழக்குத் தொடரலாம். வண்டி வைத்துத் தொழில் செய்பவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று சிலர் பயமுறுத்துவார்கள். சொந்தப் பிழைப்புக்காக வாங்கிச் சொந்தமாக உழைப்பவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இயங்குகிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஆலோசனைக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம். பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம் என்று அந்தச் சட்டம் சொல்வதால், டை ராடு மாற்றினாலும் பில் கேட்டு வாங்குங்கள்.

விபத்து நடந்துவிட்டால், மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து முடிக்கும் வரை வண்டியைப் பழுது பார்க்காதீர்கள். ஒடிந்த துண்டைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். இயந்திரக் கோளாறு உண்டா இல்லையா என்று அவர் எழுதும் அறிக்கையைத்தான் இரண்டு தரப்பும் நீதிமன்றத்தில் காட்டப் போகின்றன. இழப்பீட்டு மனுவுக்கு 2022 ஏப்ரல் முதல் சட்டம் வைத்திருக்கும் கெடு 6 மாதம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு.