காளான் பவளமும் அதனைக் களையும் முறைகளும்

கடல்நீர்த் தொட்டிகளில் வண்ண மீன்களுடன் பாறைத் துண்டுகளையும் வைத்துப் பேணுவோர், சில காலம் சென்றபின் அப்பாறைகளின்மீது தட்டையான, வட்ட வடிவமுள்ள, மெத்தென்ற உயிர்கள் நெருங்கிப் படர்ந்திருக்கக் காண்பதுண்டு. விரிந்த காளானை ஒத்திருத்தலின் இவை காளான் பவளம் என வழங்கப்பெறுகின்றன. உண்மையில் இவை சுண்ணாம்புக் கூடு கட்டுவனவல்ல. பவளப் பூச்சிகளுக்கு நெருங்கிய உறவுடைய, கூடற்ற பிராணிகளாகும். இவற்றிற் பலவற்றின் திசுக்களில் நுண்ணிய பாசிகள் வாழ்ந்து, ஒளியின் உதவியால் உணவு தயாரித்து அளிக்கின்றன.

இவற்றை ஒழிப்பது கடினமாயிருப்பதன் காரணம் இவை பெருகும் விதமேயாம். பாறையைப் பற்றியிருக்கும் அடித்தட்டு இடம் பெயர்கையில், பின்தங்கிய சிறு துணுக்கும் முழு உயிராக வளர்கின்றது. சில வேளைகளில் ஓருயிரே இரண்டாகப் பிளவுபடுகின்றது. ஆதலின் கத்தியால் சுரண்டுவோர் பகையை அழிப்பதற்கு மாறாக அதனைப் பெருக்கியவராவர். அண்டையிலுள்ள பவளங்களைக் கொட்டும் அணுக்களால் இவை கொன்றுவிடுதலும் உண்டு.

பாறையைத் தொட்டியினின்றும் வெளியே எடுத்து, உயிர் பற்றியுள்ள இடத்தை உளியால் பாறையின் மேற்படலத்துடன் சேர்த்துப் பெயர்த்தெடுப்பதே நம்பத்தகுந்த முறையாகும். பின்னர் அப்பாறையை உப்புநீரில் அலசித் துணுக்குகளை அகற்றுதல் வேண்டும். பாறையை எடுக்க இயலாவிடில், நீரோட்டத்தைச் சற்று நிறுத்தி, தூய நீற்றிய சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்துப் பீச்சுக்குழலால் உயிரை மூடுமாறு இடலாம். கடல்நீரின் பி.எச். அளவு ஏறத்தாழ 8.2, சுண்ணாம்புக் குழம்பினதோ 12-க்கு மேற்பட்டது. இக்காரமே திசுவை அழிக்கின்றது. ஒரே நாளில் பலவற்றுக்கு இடின் தொட்டி நீர் முழுவதும் காரமாகி மீன்கள் மடியக்கூடும். எனவே நாளொன்றுக்குச் சிலவற்றுக்கு மட்டுமே இடுக. கையுறையும் கண்ணாடியும் இன்றியமையாதன.

பாறையைக் கொதிநீரிலிட்டு வேகவைத்தல் ஒருபோதும் கூடாது. அதில் பாலித்தோவா என்னும் வேறோர் உயிரும் ஒட்டியிருப்பின், அதன் கொடிய நஞ்சு ஆவியுடன் கலந்து வீட்டிலுள்ளோரின் சுவாசத்தைத் தாக்கும். பாறை முழுவதும் பாழ்பட்டிருப்பின், திறந்த வெளியில் பல வாரங்கள் உலர்த்துவதே மேல்.

தொட்டியில் நேர்வது கடலிலும் நேர்ந்துள்ளது. ஹவாய்க்குத் தெற்கே சுமார் 1,600 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பால்மைரா பவளத்தீவில், 1991-ஆம் ஆண்டில் ஒரு மீன்பிடிக் கப்பல் தரைதட்டியது. 2007-ஆம் ஆண்டில் ஆராய்ந்தபோது, அதன் சிதைவைச் சுற்றி ரோடாக்டிஸ் இனக் காளான் பவளம் பரவி, பவளங்களின் இடத்தைக் கவர்ந்திருந்தது. துருப்பிடித்த கலத்திலிருந்து கசிந்த இரும்பு இதற்குத் துணைபுரிந்திருக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் கருத்து. 2013-14-இல் சிதைவு அகற்றப்பட்டபின், அவ்விடத்தைச் சூழ்ந்திருந்த கூட்டம் குறைந்தது. சலவைத்தூளை இட்டு நடத்திய சிறு பரிசோதனையும் நற்பயன் அளித்தது. எனினும் பரவியதை அகற்றப் பல்லாண்டுகள் தேவைப்படுகின்றன.

புதிதாக வாங்கிய பாறையைச் சில வாரங்கள் தனித்தொட்டியில் வைத்துக் கவனித்தலும், நீரில் உணவுக் கழிவு தேங்காவண்ணம் காத்தலும், முதலில் தோன்றும் ஒன்றிரண்டை உடனே நீக்குதலும் எளிய காப்புகளாம். நீக்கிய துணுக்குகளையும் தொட்டிநீரையும் கடலிலோ கழிமுகத்திலோ கொட்டுதல் ஆகாது. துணுக்குகளை நன்கு உலர்த்திய பின்னரே எறிதல் வேண்டும். ஒரு சிறு துணுக்கே ஒரு படர்ச்சிக்குப் போதுமானது என்பதை மறத்தலாகாது.