ஒன்பது அடியைப் பதினைந்து என்னும் ரிசீவர்

டேப் வைத்து அளந்தால் 9 அடி. ரிசீவர் காட்டுவதோ 15 அடி.

வேடசந்தூரிலிருந்து ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார். புதிதாக வாங்கிய 5.1 ஹோம் தியேட்டர் ரிசீவர், மைக் வைத்துத் தானே அளந்தபோது மற்ற ஐந்து ஸ்பீக்கர்களின் தூரத்தையும் ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிட்டது. சப் ஊஃபருக்கு மட்டும் ஆறு அடி கூட்டிச் சொல்கிறது. மாட்டிக் கொடுக்க வந்தவர், "மெஷின் தப்பாக் காட்டுது" என்று 9 ஆக மாற்றிவிட்டுப் போனாராம். அதிலிருந்து பாட்டில் டிரம் அடிக்குக் கனமே இல்லை. கோளாறு எதில்?

மெஷினில் இல்லை. அந்த 15 சரியான எண்தான்.

சிறுமலைப் பக்கம் மின்னல் வெட்டினால் திண்டுக்கல் சமவெளியில் இருப்பவர்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குவது உண்டு. மூன்று எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் ஒரு கிலோமீட்டருக்குள் வெட்டியிருக்கிறது. ரிசீவரும் இதையே செய்கிறது. அதற்கு அடியும் தெரியாது, மீட்டரும் தெரியாது. நேரம் மட்டுமே தெரியும். ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் ஒரு சோதனை ஒலியை அனுப்பிவிட்டு, மைக்கை அது எப்போது எட்டுகிறது என்று பார்க்கிறது. 20 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடும். ஒரு மில்லி செகண்டுக்கு ஓர் அடியும் கொஞ்சமும். அந்தக் கணக்கில் நேரத்தை அடியாக மாற்றித் திரையில் போடுகிறது.

மற்ற ஸ்பீக்கர்கள் ரிசீவர் அனுப்பியதை அப்படியே ஒலிக்கும். சப் ஊஃபர் அப்படியல்ல. அதற்குள் தனி ஆம்ப் இருக்கிறது. கீழ்ச்சுரங்களை மட்டும் உள்ளே விட்டு மற்றதை வடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. வடிக்க நேரம் பிடிக்கும். அந்த வாசகர் வீட்டு ஊஃபருக்கு அது சுமார் 5 மில்லி செகண்டு. கணக்கில் ஆறு அடி. ஒலி தாமதமாக வந்ததால், தூரத்திலிருந்து வந்தது என்று ரிசீவர் எடுத்துக்கொண்டது. ஊஃபர் எங்கே நிற்கிறது என்பதல்ல, எவ்வளவு முன்கூட்டி அதற்கு ஒலியை அனுப்ப வேண்டும் என்பதே அந்த 15.

அதை 9 ஆக மாற்றினால் நடப்பது இது. பொதுவாக 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலி ஊஃபருக்கும், மேலுள்ளது மற்ற ஸ்பீக்கர்களுக்கும் போகும். அந்த எல்லையில் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். 80 ஹெர்ட்ஸில் ஓர் அலை முடிய 12.5 மில்லி செகண்டு. பாதி அலைக்கு ஆறேகால். ஊஃபர் 5 மில்லி செகண்டு பிந்தினால், முன் ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும் நேரத்தில் இது ஏறக்குறைய இழுத்துக்கொண்டிருக்கும். ஒன்றையொன்று அழித்துவிடும். டிரம்மின் கனம் போனது இதனால்தான். ஊஃபரின் வால்யூமை எவ்வளவு ஏற்றினாலும் அது திரும்பாது.

கோட்டை மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவில் தெருவெங்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கும்போது நடந்து பார்த்தவர்களுக்கு இது பழக்கமான சங்கதி. பக்கத்துக் குழாயில் வரும் வரியும் தூரத்துக் குழாயில் வரும் அதே வரியும் முன்பின்னாக வந்து சொற்களைக் குழப்பும். வீட்டு ஹாலில் வித்தியாசம் சில மில்லி செகண்டுகள்தான் என்பதால் எதிரொலியாகக் கேட்காது. ஒலி மெலிந்து மட்டும் போகும். எல்லா ஒலியும் உட்காருபவரின் காதில் ஒன்றாக வந்து சேரும்படி, முந்தி வரக்கூடியதை நிறுத்தி அனுப்புவதே ரிசீவரின் முதல் வேலை.

அந்த வேலையை அது சரியாகச் செய்ய வீட்டார் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஊஃபரின் பின்னாலுள்ள கிராஸ்ஓவர் திருகை உச்சத்தில் வைக்க வேண்டும். வடிக்கும் வேலையை ரிசீவர் பார்த்துக்கொள்ளும். மைக்கைக் கையில் பிடிக்கவோ சோபா மெத்தைமேல் போடவோ கூடாது. கேமரா ஸ்டாண்டில், காது உயரத்தில் நிற்க வேண்டும். ஃபேன், ஏசி, மிக்ஸி எல்லாம் ஓய்ந்த இரவு நேரம் நல்லது. பல இடங்களில் மைக்கை வைத்து அளக்கச் சொல்லும் ரிசீவரில் ஓரிடத்தோடு நிறுத்திவிடக் கூடாது.

பக்கத்து வீட்டில் அதே மாடல் இருக்கிறது, அந்த எண்களையே போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு அவர்களுக்குப் பதில் சொல்லும். நாகல் நகரில் ஒரு பட்டறையில் அரம் போட்டுச் செய்த சாவி அந்தப் பூட்டுக்கு மட்டும்தான். ஹாலும் அப்படித்தான். 14 அடி நீள ஹாலில் 40 ஹெர்ட்ஸ் ஒலி சுவரோரம் முட்டி வீங்கும், நட்டநடுவில் வற்றிவிடும். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டவருக்கு எல்லாப் பாட்டும் குமுறுவதும், இரண்டடி முன்னே இழுத்ததும் தெளிவதும் அதனால்தான்.

டைல்ஸ் தரை, கான்கிரீட் தளம், வெறும் சுவர். இந்த ஊர் வீடுகளில் கை தட்டினால் ஒலி கணகணவென்று நீள்கிறது. இதை எந்த ரிசீவராலும் முழுதாகத் தீர்க்க முடியாது. முன் ஸ்பீக்கர்களுக்கும் சோபாவுக்கும் நடுவே கெட்டியான ஜமக்காளம் ஒன்றை விரித்துவிட்டு அளந்தால் வசனம் துலங்கும்.

இவ்வளவு எளிய வேலையைச் செய்யாமல் விடுவதுதான் வருத்தம். பல வீடுகளில் அந்த மைக் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அட்டைப்பெட்டியில் கிடக்கிறது. வாங்கும்போது எத்தனை வாட்ஸ் என்று கேட்கிறார்கள். எங்கே வைப்பது என்று கேட்பதில்லை. ஐந்து ஸ்பீக்கரும் ஷோகேஸ் மேல் வரிசையாக நிற்கின்றன. உட்காருமிடத்துக்குச் சற்றுப் பின்வாங்கி, இரு பக்கமும் காதுக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டிய சரவுண்ட் ஸ்பீக்கர்களுக்கும் அதே கதி. முதுகுக்குப் பின்னால் பெய்ய வேண்டிய மழை டிவிக்கு மேலே பெய்கிறது.

டால்பி ஸ்டீரியோவில் வந்த ‘குருதிப்புனல்’ (1995), டிடிஎஸ்ஸில் வந்த ‘கருப்பு ரோஜா’ (1996), டால்பி அட்மாஸில் வந்த ‘சிவாஜி 3டி’ (2012) என்று தமிழ் சினிமா ஒலிக்காக நெடுங்காலம் உழைத்திருக்கிறது. கலவைக் கூடத்தில் இரவு பகலாக உட்கார்ந்து ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓர் இடம் தேடிக் கொடுத்தவர்களின் உழைப்பு, வீட்டுக்குள் வந்ததும் ஒரே மூலையில் குவிந்துவிடக் கூடாது.

வேடசந்தூர் வாசகர் மெனுவில் போய் 9-ஐ மறுபடி 15 ஆக்கிவிட்டு, கனம் போன அதே பாட்டைப் போட்டுக் கேட்கட்டும். பிறகு திரையிலுள்ள எல்லா எண்களையும் ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ரிசீவரை ரீசெட் செய்ய நேர்ந்தால் உதவும். மைக்கைப் பரணில் போட வேண்டாம். பொங்கலுக்கு வெள்ளையடித்து சோபாவை இடம் மாற்றும்போது மறுபடி தேவைப்படும்.